பர்ஸில் இருந்த இரண்டு வெள்ளை அட்டைகள்

நமக்கு டிராஃப்ட் என்றால் பேங்க் டிராஃப்ட். 1960களின் அமெரிக்காவில் கல்லூரி முடிக்கப்போகிற பையனிடம் அதே சொல்லைச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். அங்கே அது கட்டாய ராணுவச் சேர்ப்பு. 18 வயது நிறைந்த ஐந்து நாளுக்குள் அவன் தன் வட்டாரத்து லோக்கல் போர்டில் பதிய வேண்டும். பதிந்த பிறகு அவன் கைக்கு இரண்டு வெள்ளை அட்டைகள் வரும். இரண்டும் ஏறக்குறைய 2 அங்குலத்துக்கு 3 அங்குலம். முதல் அட்டை பதிவுச் சான்று. பெயர், பிறந்த இடம், முகவரி, உடல் அடையாளம், கையெழுத்து, பதிவெண் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது அட்டையில் அவன் எந்த வகை என்று போட்டிருக்கும். 1-ஏ என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். 2-எஸ் என்றால் மாணவன், படிப்பு இருக்கும்வரை தப்பித்தான். 4-எஃப் என்றால் உடல் தகுதி இல்லை. 1-ஓ என்றால் மனசாட்சி மறுப்பாளர், துப்பாக்கிக்குப் பதில் இரண்டு வருடம் மருத்துவமனை போன்ற இடங்களில் பொதுப்பணி. இரண்டு அட்டைகளும் எந்நேரமும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது விதி.

வியட்நாம் போர் எதிர்ப்பைப் பற்றி எழுதும்போது நாம் எல்லோரும் பென்டகன் வாசலில் துப்பாக்கிக் குழலுக்குள் பூச் செருகும் அந்தப் புகைப்படத்தைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறோம். 1967 அக்டோபர் 21ஆம் தேதிப் படம். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் பூவால் எந்தப் பட்டாளமும் நிற்கவில்லை. அந்தப் போர் காகிதத்தில் ஓடியது. 1964 ஆகஸ்டிலிருந்து 1973 பிப்ரவரி வரை 18 லட்சத்து 57 ஆயிரம் பேரை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுபோனது படிவமும் கோப்பும் தபால்தலையும்தான். அந்த எந்திரத்தின் விதிப் புத்தகத்தை அதை ஓட்டியவர்களைவிட நன்றாகப் படித்த எதிர்ப்பாளர்கள் சிலர் இருந்தார்கள். அதிகத் தொல்லை கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பது என் கணக்கு.

எந்திரம் எப்படி வேலை செய்தது என்று முதலில் பார்த்துவிடலாம். நாடு முழுக்கச் சுமார் 4,000 லோக்கல் போர்டுகள். உறுப்பினர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். கடைக்காரர், காப்பீட்டு ஏஜென்ட், பழைய போர்வீரர் என்று இருப்பார்கள். 1966இல் எடுத்த கணக்குப்படி அவர்களில் கறுப்பினத்தவர் 1.3 விழுக்காடு. ஏழு மாநிலங்களில் ஒருவர்கூட இல்லை. மாதத்தில் ஒரு மாலை கூடி நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தள்ளிவிடுவார்கள். ஆகவே உண்மையில் போர்டை ஓட்டியது அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த எழுத்தர். பெரும்பாலும் நடுவயதுப் பெண். எந்தக் கோப்பு மேலே வரும், எது அடியில் கிடக்கும் என்பது அவர் கையில். தலைநகரில் இந்த மொத்த அமைப்புக்கும் தலைவர் ஜெனரல் லூயிஸ் ஹெர்ஷி. 1941இல் உட்கார்ந்தவர் 1970 வரை எழுந்திருக்கவில்லை.

இதற்கு எதிராக, போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் சேவைக் குழு, ஃபிலடெல்ஃபியாவில் இருந்த மனசாட்சி மறுப்பாளர் மையக் குழு, சர்ச்சுகள், கல்லூரி அறைகள் என்று பல இடங்களில் டிராஃப்ட் ஆலோசனை மேசைகள் முளைத்தன. அங்கே புரட்சி பேசமாட்டார்கள். அங்கே சொல்லித் தந்தது அலுவலக வித்தை. போர்டோடு போனில் பேசாதே, எல்லாமே கடிதமாக இருக்கட்டும். கடிதத்துக்குக் கார்பன் நகல் வை. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வாங்கி அதே நகலோடு குத்தி வை. வகைப்பாடு வந்த உறை இருக்கிறதே, அதைக் கிழித்துப் போட்டுவிடாதே. நேரில் ஆஜராகவோ மேல்முறையீடு செய்யவோ உனக்கு 30 நாள். அந்த 30 நாள் போர்டு தபாலில் போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. உன் கைக்கு வந்த தேதிக்கு மதிப்பில்லை. விடுதி மாறிய பையனுக்குக் கடிதம் மூன்று வாரம் சுற்றி வந்து சேர்ந்தால் மிச்சம் ஒரு வாரம்தான். பலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்.

நேரில் ஆஜராகும்போது வக்கீலைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. அங்கே பேசுவதை யாரும் வார்த்தைக்கு வார்த்தை குறித்துக்கொள்ளவும் மாட்டார்கள். அதனால் அறையை விட்டு வெளியே வந்ததும் பையன் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்கத்தில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து யார் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன், எத்தனை நிமிடம் நடந்தது என்று எழுதுவது. அதை மறுநாளே போர்டுக்கு அனுப்பி, என் கோப்பில் சேர்க்கவும் என்று கேட்க வேண்டும். காரணம் எளிது. அடுத்த படியில் இருக்கும் மாநில மேல்முறையீட்டு வாரியம் அவன் முகத்தைப் பார்க்காது. கோப்பை மட்டும் பார்க்கும். அதற்கு மேலே நீதிமன்றம் போனாலும் நீதிபதி பார்ப்பது அதே கோப்பைத்தான். அதில் இல்லாத ஒன்று நடக்காத ஒன்று.

மனசாட்சி மறுப்பாளர் ஆக வேண்டுமென்றால் 150ஆம் எண் படிவம். உன் நம்பிக்கை என்ன, யாரிடமிருந்து எப்போது வந்தது, எந்தச் சூழ்நிலையிலாவது பலப்பிரயோகத்தை ஒப்புக்கொள்வாயா என்றெல்லாம் கேட்கும். போர்டுக்காரர்கள் வாயால் கேட்கும் கேள்விகளும் ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருந்தன. உன் தங்கையை ஒருவன் தாக்கினால் சும்மா நிற்பாயா? ஹிட்லரை என்ன செய்திருப்பாய்? ஆலோசனை மேசையில் இதற்கு ஒத்திகையே நடக்கும். தங்கையைக் காப்பாற்றுவேன் என்று சொல்வதால் மனு தானாக விழுந்துவிடாது, சட்டம் கேட்பது போரைப் பற்றி என்று புரியவைப்பார்கள். அதே நேரம், வியட்நாம் போர் மட்டும் தப்பு, வேறு போர் என்றால் யோசிப்பேன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எல்லாப் போரையும் மறுப்பவனுக்குத்தான் விலக்கு என்று 1971இல் கில்லெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நேர்மையான பதில் சொன்னவன் தோற்றான் என்பது இதில் கசப்பான பகுதி. கடவுளை நம்பியே ஆக வேண்டும் என்ற சிக்கலை மட்டும் 1965இல் சீகர் வழக்கும் 1970இல் வெல்ஷ் வழக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தின.

நேரம் இன்னொரு கண்ணி. கடைசியாக வரும் ஆணைக் கடிதம் "வணக்கம்" என்று ஆரம்பிக்கும், உங்களைப் படையில் சேர ஆணையிடுகிறோம் என்று அடுத்த வரி. அது வந்த பிறகுதான் பலருக்கு மனசாட்சி விழித்தது. அப்போது போட்ட 150ஆம் படிவத்தைப் போர்டு திறந்து பார்க்கக்கூடக் கடமைப்பட்டதில்லை என்று அதே 1971இல் இன்னொரு தீர்ப்பு. ஆணைக்கு முன்னால் போட்டிருந்தாலோ, புதிய விவரம் உள்ள மனுவைப் பிரித்துப் பார்க்காமல் தள்ளிவிட முடியாது. ஒரு வாரம் முன்பின் ஆனால் ஒருவன் மருத்துவமனையில் தரை துடைப்பான், இன்னொருவன் காட்டில் துப்பாக்கி தூக்குவான்.

ஆணை சட்டப்படி சரியா என்று சேருமுன் நீதிமன்றத்தில் கேட்கவும் 1967 சட்டம் வழி விடவில்லை. கேட்க வேண்டுமென்றால் குற்றம் செய்து பார்க்க வேண்டும். சேர்ப்பு நிலையத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். ஓரடி முன்னே வைத்தால் ராணுவத்தான், வைக்காவிட்டால் குற்றவாளி. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் முகமது அலி அந்த ஓரடியை வைக்கவில்லை. தண்டனை அதிகபட்சமாகவே விழுந்தது. குத்துச்சண்டைப் பட்டமும் போனது. நான்கு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவரை விடுவித்ததை அநேகம் பேர் கொள்கையின் வெற்றி என்று எழுதுகிறார்கள். தீர்ப்பைப் படித்தால் வேறு கதை. அலியின் மனுவைத் தள்ள அரசின் நீதி அமைச்சகமான நீதித்துறை மூன்று காரணம் எழுதியிருந்தது. அவற்றில் இரண்டு செல்லாது என்று பிறகு அரசே ஒப்புக்கொண்டது. எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோம் என்று மேல்முறையீட்டு வாரியம் கோப்பில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. செல்லாத காரணத்துக்காகத் தள்ளியிருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தில் விடுதலை. உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டை வீரரைக் காப்பாற்றியது ஒரு வாரியம் எழுதாமல் விட்ட வரி.

மொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. சேர்ப்புச் சட்டத்தை மீறியதாகச் சுமார் 2,10,000 பேர் மேல் புகார் போனது. குற்றப்பத்திரிகை ஏறக்குறைய 25,000 பேர் மேல். தண்டனை 8,750 பேருக்கு. சிறைக்குள் போனவர்கள் 3,250 பேர். நடுவில் கரைந்துபோனவர்களில் பலர், தங்கள் போர்டு செய்த நடைமுறைத் தவறைக் காட்டித் தப்பித்தார்கள். முறை தப்பிக் கூப்பிட்டது, கேட்ட சந்திப்பைக் கொடுக்காதது, புது மனுவைப் பார்க்காதது என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடிதத்துக்கு நகல் வைத்திருந்தவன் அதை நிரூபித்தான்.

அட்டையை எரிப்பதற்கு வருகிறேன். தொடக்கத்தில் எரிப்பது தனிக் குற்றமே இல்லை. 1965 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டது. அதன்பின் அக்டோபர் 15இல் நியூயார்க்கில் டேவிட் மில்லர் எரித்தார், 22 மாதம் உள்ளே இருந்தார். எல்லோருக்கும் தெரிந்த வழக்கு டேவிட் ஓ'பிரையனுடையது. 1966 மார்ச் 31, தெற்கு பாஸ்டன் நீதிமன்றப் படிக்கட்டு. நான்கு பேர் சின்ன வெள்ளை அட்டைகளைக் கொளுத்தினார்கள். கூடியிருந்த கூட்டம் அவர்கள் மேலேயே பாய்ந்தது. அடிபடாமல் ஓ'பிரையனை உள்ளே இழுத்துப் போனவர் ஒரு எஃப்.பி.ஐ ஆள். உள்ளே போனதும் ஓ'பிரையன் கருகிப்போன மிச்சத்தை எடுத்துக் காட்டினார். சம்மதத்தோடு அதைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். 1968 மே மாதம் உச்ச நீதிமன்றம் 7-1 என்று தண்டனையை உறுதி செய்தது. பேச்சுரிமை கிடக்கட்டும், அட்டைக்குத் தன்னளவில் வேலை இருக்கிறது என்றார் தலைமை நீதிபதி எர்ல் வாரன். பதிவுக்கு அது அத்தாட்சி, அவசரத்தில் ஆளைச் சரிபார்க்க உதவும், முகவரி மாறினால் தெரிவிக்கச் சொல்லி நினைவூட்டும் என்று அடுக்கினார். ரேஷன் கார்டை எரித்தவனிடம் அதன் பின்பக்கத்து அறிவிப்பை வாசித்துக் காட்டுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் சட்டமாக அது இன்னும் நிற்கிறது.

எரிப்பதில் இருந்த கோளாறு அது ஒரு நொடியில் முடிந்துவிடுவது. படம் கிடைக்கும், ஆள் தனியாக மாட்டுவான். டேவிட் ஹாரிஸும் நண்பர்களும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ரெசிஸ்டன்ஸ் குழு இதைத் திருப்பிப் போட்டது. எரிக்காதே, பெயரும் முகவரியுமாக அப்படியே அரசிடம் திருப்பிக் கொடு என்றது. எண்ணிக்கை போதுமான அளவு ஏறினால் நீதிமன்றமும் சிறையும் அடைத்துக்கொள்ளும் என்பது திட்டம். 1967 அக்டோபர் 16 அன்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் அட்டைகளை வாங்கினார்கள். பாஸ்டனில் ஆர்லிங்டன் தெரு சர்ச்சில் இளைஞர்கள் வரிசையில் நின்று பாதிரியார்கள் கையில் கொடுத்தார்கள். சிலர் பலிபீடத்து மெழுகுவர்த்தியில் காட்டி எரித்ததும் உண்டு, பழக்கம் விடவில்லை.

நான்கு நாள் கழித்து வாஷிங்டன் நீதித்துறை அலுவலகத்தில் நடந்தது ஏறக்குறைய நகைச்சுவை. யேல் பல்கலைக்கழகப் பாதிரியார் வில்லியம் ஸ்லோன் காஃபின், குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் முதலானோர் ஒரு கைப்பெட்டி நிறைய அட்டைகளோடு உள்ளே போனார்கள். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எதிரே ஒரு துணை அதிகாரி. பெட்டியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. வாங்கினால் குற்றத்தின் சாட்சியத்தை வாங்கியதாகும், என்ன செய்வது என்று அவருக்கு உத்தரவும் இல்லை. கடைசியில் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். உலகத்தில் எந்த அரசு அலுவலகத்திலும் மனுவை வாங்க மாட்டேன் என்று ஓர் அதிகாரி கையைக் கட்டிக்கொள்வது புதிதில்லை. ஆனால் தன் குற்றத்துக்கான ஆதாரத்தை வாங்கச் சொல்லிக் குற்றவாளி கெஞ்சுவது அபூர்வம். 1968 ஜனவரியில் ஸ்பாக், காஃபின் உள்ளிட்ட ஐந்து பேர் மேல் சதி வழக்கு. ஒருவர் விடுதலை, நால்வருக்குத் தண்டனை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. ஜூரியிடம் நீதிபதி எழுதிக் கொடுத்த பத்துத் தனிக் கேள்விகள் முறையற்றவை என்பது கவிழ்ந்ததற்கு ஒரு காரணம். இங்கேயும் ஒரு தாள்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஹெர்ஷி தன் பாணியில் பதில் சொன்னார். அக்டோபர் 26ஆம் தேதி போர்டுகளுக்கு ஒரு கடிதம். எதிர்ப்பில் இறங்குபவனின் மாணவர் விலக்கை எடுத்துவிட்டு அவனை 1-ஏ ஆக்கலாம் என்றது. கோர்ட் வேண்டாம், ஜூரி வேண்டாம், நேராகப் பட்டாளம். மாணவர்கள் பயந்துதான் போனார்கள். ஆனால் ஆஸ்டரைக் என்ற இறையியல் மாணவர் வழக்குப் போட்டார், 1968 டிசம்பரில் ஜெயித்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்காகச் சட்டம் தந்த விலக்கைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம். 1970இல் கட்நெக்ட் வழக்கில் இந்தத் தண்டனைச் சேர்ப்பு முறையே அடிபட்டுப் போனது. ஹெர்ஷியின் அந்தக் கடிதம் எதிர்ப்பாளர்களுக்குக் கொடுத்த லாபம் எந்த ஊர்வலமும் கொடுக்கவில்லை.

சிலர் கோப்பையே அழிக்கப் போனார்கள். 1968 மே 17இல் மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில்லில் பாதிரியார்களான பெரிகன் சகோதரர்கள் உட்பட ஒன்பது கத்தோலிக்கர்கள் 378 கோப்புகளை வெளியே அள்ளி வந்து எரித்துவிட்டு, போலீஸ் வரும்வரை நின்று ஜெபித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மில்வாக்கியில் 14 பேர் சுமார் 10,000 கோப்புகளை எரித்தார்கள். பெரும்பாலும் ஒரே பிரதிதான் என்பதால் அடி நேராக விழுந்தது. ஆனால் கேட்டன்ஸ்வில்லில் பட்டப்பகலில் அலுவலகப் பெண்கள் கையிலிருந்து பிடுங்கித்தான் எடுத்தார்கள். அவர்கள் பட்ட பயத்தை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதி வரியில் தாண்டிவிடுகிறார்கள். அகிம்சைக்காரர்கள் அதைத் தாண்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்த குழுக்கள் ஆளில்லாத இரவில் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1969 டிசம்பர் 1ஆம் தேதி அரசு குலுக்கலுக்கு மாறியது. 366 நீல பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அன்று பிறந்தவர்களுக்கு எண் 1. அந்தக் குலுக்கலில் 195 வரை கூப்பிட்டார்கள். இதிலும் வேலை சுத்தமில்லை. ஜனவரியிலிருந்து மாதவாரியாகக் குப்பிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்து, டிசம்பரைக் கடைசியாகப் போட்டு, அரைகுறையாகக் கலந்தார்கள். விளைவு, டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகளுக்கு முதல் பாதிக்குள் எண் விழுந்தது. புள்ளியியல்காரர்கள் இதைப் பிடித்துக் காட்டினார்கள், அடுத்த முறை கலக்கும் விதத்தை மாற்றினார்கள். ஆனாலும் அரசுக்கு இதில் வேறு ஆதாயம் இருந்தது. பெரிய எண் கிடைத்த பையன்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கல்லூரி வளாகத்தில் கோபம் ஒரே இரவில் இரண்டாகப் பிரிந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு, கூட்டத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று முடித்தால் அது பொய். 1969 அக்டோபர் 15ஆம் தேதி மொரட்டோரியம், அதாவது அன்றாட வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் போரை எதிர்க்கும் நாள். இந்த யோசனையின் முதல் வடிவத்துக்கு வேலைநிறுத்தம் என்று பெயர். அது நடுத்தர வர்க்கத்தை மிரட்டும் என்று சாம் பிரவுனும் கூட்டாளிகளும் சாதுவான சொல்லாக மாற்றினார்கள். பெரிய ஊர்வலத்துக்கு எல்லோரையும் தலைநகருக்கு வரச் சொல்லவில்லை. அவரவர் ஊரில், அவரவர் சர்ச்சில், பள்ளியில், கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டால் போதும். சுமார் 20 லட்சம் பேர் ஏதோ ஒரு வகையில் கலந்துகொண்டார்கள். பாஸ்டன் காமன் பூங்காவில் மட்டும் ஒரு லட்சம். திட்டத்தின் ஓட்டை அடுத்த வரியில் இருந்தது. அக்டோபரில் ஒரு நாள், நவம்பரில் இரண்டு நாள், டிசம்பரில் மூன்று நாள் என்று ஏறிக்கொண்டே போக வேண்டுமாம். வேலைக்குப் போகிறவன் எத்தனை நாள் லீவு போடுவான்? இரண்டாவது மாதத்தோடு மூச்சு வாங்கியது. 1970 ஏப்ரலில் அலுவலகத்தை மூடினார்கள்.

இருந்தும் அந்த ஒரு நாள் வேலை செய்தது, செய்தவர்களுக்கே தெரியாமல். நவம்பர் 1க்குள் வழிக்கு வராவிட்டால் கடுமையாக அடிப்போம் என்று அதிபர் நிக்சன் வட வியட்நாமுக்கு ரகசியக் கெடு வைத்திருந்தார். அந்தத் தாக்குதலுக்கு டக் ஹூக் என்று பெயரிட்டுத் திட்டமும் தயாராக இருந்தது. கெடு வந்தது, தாக்குதல் வரவில்லை. மொரட்டோரியம் தன் மிரட்டலின் நம்பகத்தைக் கெடுத்துவிட்டது என்று பிற்பாடு நிக்சனே ஒப்புக்கொண்டார். வெளியில் அவர் காட்டிக்கொண்டதோ, எந்த ஆர்ப்பாட்டமும் தன்னைத் தொடாது என்ற பாவனை.

நவம்பர் 13ஆம் தேதி மாலை வாஷிங்டனில் தொடங்கியது மரண எதிர்ப்பு நடை. ஊர்வலம் என்றால் எப்படி நடத்துவது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி நாடாளுமன்றம் வரை சுமார் 4 மைல், ஒற்றை வரிசை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை, அதில் செத்துப்போன ஓர் அமெரிக்கச் சிப்பாயின் பெயர் அல்லது அழிந்துபோன ஒரு வியட்நாம் கிராமத்தின் பெயர். கையில் மெழுகுவர்த்தி. முதல் ஆள், அந்த ஆண்டுதான் கணவனை வியட்நாமில் இழந்த ஓர் இளம்பெண். வெள்ளை மாளிகைக்கு நேரே வந்ததும் நின்று, தன் அட்டையில் உள்ள பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு நடந்துபோய் நாடாளுமன்றத்தின் முன் வைத்திருந்த சவப்பெட்டியில் அட்டையைப் போட வேண்டும். 40,000க்கும் மேற்பட்டவர்கள், சுமார் 40 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மூன்றரை நொடிக்கு ஒரு பெயர், இரவும் பகலும், மழையிலும் குளிரிலும். இதன் சூட்சுமம் இடைவெளியில் இருந்தது. முஷ்டி உயர்த்த ஆளில்லை, கோஷம் போட இடமில்லை, கலவரம் பண்ண வந்தவனுக்கும் வரிசையில் அவன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிக்சனின் ஆட்கள் வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பேருந்துகளை நெருக்கி நிறுத்திக் கோட்டை கட்டிக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிர், 1971 மே தினப் போராட்டம். அரசு போரை நிறுத்தாவிட்டால் நாங்கள் அரசை நிறுத்துவோம் என்பது முழக்கம். 21 பாலங்களையும் சாலைச் சந்திப்புகளையும் குறித்து, எந்த ஊர்க்காரர் எதை மறிக்க வேண்டும் என்று வரைபடத்தோடு கையேடு அச்சிட்டு விநியோகித்தார்கள். கையேட்டைப் போலீசும் வாங்கிப் படித்தது! மே 2 விடிகாலையில் முகாம் போட்டிருந்த பூங்காவின் அனுமதியை ரத்து செய்து ஆட்களைக் கலைத்தார்கள். பல்லாயிரம் பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுநாள் மறியலுக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தார்கள். அலுவலகங்கள் திறந்தன.

அங்கேதான் போலீஸ் தலைவர் ஜெர்ரி வில்சன் ஒரு காரியம் செய்தார். கைது செய்யும்போது யாரை, எங்கே, எதற்காக, எந்தக் காவலர் பிடித்தார் என்று அந்த இடத்திலேயே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. நேரம் ஆகிறது என்று அதை நிறுத்திவைக்கச் சொன்னார். அதன் பிறகு வலை வீசியதுபோல அள்ளினார்கள். மே 3 ஒரே நாளில் 7,000 பேர், மூன்று நாளில் 12,000க்கும் மேல். கல்லூரிக்கு நடந்துபோனவர், வேடிக்கை பார்த்தவர் எல்லோரும் அதில் அடக்கம். சிறையில் இடமில்லாமல் கால்பந்துப் பயிற்சி மைதானத்தில் வேலிக்குள் அடைத்தார்கள். குளிர், கழிப்பறை கிடையாது. வழக்கு நீதிமன்றம் வந்தபோது எந்தக் காவலருக்கும் தான் யாரைப் பிடித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. மிகப் பெரும்பாலான வழக்குகள் கலைந்தன. நாடாளுமன்றப் படிக்கட்டில் உறுப்பினர் ரான் டெல்லம்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது பிடிபட்ட 1,200 பேர் வழக்கில் 1975இல் ஜூரி ஒரு கோடியே 20 லட்சம் டாலர் நஷ்டஈடு சொன்னது. மேலே போய்த் தொகை குறைந்தது என்றாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

படைக்குள்ளேயே நடந்த எதிர்ப்புக்குத் தனிப் பதிவு வேண்டும். ஒரே ஒரு விவரம் மட்டும். முகாம்களில் சிப்பாய்களே ரகசியமாக உருட்டச்சில் அடித்த பத்திரிகைகள் நூற்றுக்கணக்கில் ஓடின. முகாமுக்குள் விநியோகிக்கத் தளபதியின் முன்அனுமதி வேண்டும். ஆனால் 1969 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை விட்ட உத்தரவின்படி, ஒருவன் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருப்பதற்குத் தடை இல்லை. ஆகவே ஒவ்வொருவனும் ஒரே ஒரு பிரதியைத்தான் வைத்திருந்தான். கேட்டால், கட்டிலில் கிடந்தது, எடுத்தேன்.

மீடியா என்பது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரின் பெயர். அங்கே எஃப்.பி.ஐக்கு ஒரு கிளை அலுவலகம். ஹாவர்ஃபோர்ட் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் வில்லியம் டேவிடனுக்கு ஒரு சந்தேகம். போர் எதிர்ப்புக் குழுக்களை அரசு உளவு பார்க்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆதாரம் எங்கே? அந்த அலுவலகத்துக் கோப்புகளையே திருடிப் பார்த்துவிடுவது என்று எட்டுப் பேர் சேர்ந்தார்கள். குழுவிலிருந்த பானி ரெயின்ஸ் கல்லூரி மாணவியாக வேஷம் போட்டு, எஃப்.பி.ஐயில் பெண்களுக்கு என்ன வேலை வாய்ப்பு என்று பேட்டி எடுக்கப் போனார். கையுறையைக் கடைசிவரை கழற்றவில்லை. அலாரம் இல்லை, அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை என்று பார்த்துவைத்தார். 1971 மார்ச் 8, அலி-ஃப்ரேசியர் குத்துச்சண்டை இரவு. ஊரே வானொலியில் காதை வைத்திருக்கும் என்று தேர்ந்தெடுத்த தேதி. பூட்டுத் திறக்கப் போன கீத் ஃபோர்சித் கதவில் தான் எதிர்பார்க்காத இரண்டாவது பூட்டைப் பார்த்தார். அவரால் திறக்க முடியாத வகை. திரும்பிப் போய்ப் போனில் கலந்துபேசிவிட்டு மறுபடி வந்து, பக்கத்தில் புழக்கமில்லாத இன்னொரு கதவை எடுத்தார். அதன் பின்னால் கனமான அலமாரி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அது விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். தரையில் கிடந்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

பெட்டிகளில் வந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். பத்திரிகைகளுக்குத் தபாலில் போனது, மார்ச் 24இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. எதிர்ப்பாளர்களை அடிக்கடி போய் விசாரியுங்கள், ஒவ்வொரு தபால்பெட்டிக்குப் பின்னாலும் எஃப்.பி.ஐ ஆள் நிற்கிறான் என்ற மனப்பிராந்தி அவர்களுக்கு வளரட்டும் என்று அதிகாரிகளுக்கே அறிவுரை சொல்லும் தாள் அதில் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டின் ஓரத்தில் கோயின்டெல்ப்ரோ என்று ஒரே ஒரு சொல். அது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. என்.பி.சி செய்தியாளர் கார்ல் ஸ்டெர்ன் தகவல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு இழுத்ததில், குழுக்களை உள்ளிருந்தே உடைக்கும் ரகசியத் திட்டம் என்று வெளியே வந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் பிடிபடவில்லை. 2014இல்தான் அவர்களில் சிலர் தாங்களாகவே பெயரைச் சொன்னார்கள்.

அதே ஹாவர்ஃபோர்ட் கல்லூரியில் 1969 ஆகஸ்டில் போர் மறுப்பாளர்களின் ஒரு மாநாடு நடந்தது. ராண்டி கெஹ்லர் என்ற இளைஞர், சீக்கிரம் தானும் நண்பர்களோடு சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். பிறகு 22 மாதம் உள்ளே இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ராணுவத்துக்கு ஆய்வு செய்துகொடுத்த ராண்ட் நிறுவனத்து ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பெர்க்கும் இருந்தார். எழுந்து வெளியே போய்க் கழிப்பறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். வியட்நாம் முடிவுகளைப் பற்றிய 47 தொகுதி, 7,000 பக்க ரகசிய ஆவணத்தை எடுத்துப் பார்க்க அனுமதி பெற்றிருந்த மிகச் சிலரில் ஒருவர் அவர்.

அக்டோபரில், நண்பர் அந்தோணி ருஸ்ஸோவின் தோழி நடத்திவந்த விளம்பர அலுவலகத்து ஜெராக்ஸ் எந்திரத்தில் நகலெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து, மூடி, பொத்தானை அமுக்கி, எடுக்க வேண்டும். ஓர் இரவில் எல்ஸ்பெர்க்கின் 13 வயது மகன் எந்திரத்தை இயக்கினான். இன்னோர் இரவில் 10 வயது மகள் கத்தரிக்கோலால் பக்கத்தின் மேலும் கீழும் இருந்த "அதி ரகசியம்" என்ற வரியை நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவிலேயே கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். எல்ஸ்பெர்க் ஒரு வெற்றுத் தாளை எடுத்து மேசையிலிருந்த கட்டின் மேல் போட்டார். அவர்கள் வந்தது அலாரத்துக்காக. அலுவலகக்காரப் பெண் அலாரச் சாவியைத் தப்பாகத் திருப்புவது வழக்கமாம். இனியாவது கவனமாகத் திருப்பும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.